எழுவதற்கு முன் ஒரு நொடி: நாட்பட்ட முதுகுவலிக்கு அலெக்சாண்டர் முறைப் பாடங்கள்

இதைப் படித்துக்கொண்டிருக்கும் நாற்காலியில் அமர்ந்தபடியே உங்கள் வலது உள்ளங்கையைப் பிடரியில், அழுத்தாமல், தொட்டும் தொடாமலும் வையுங்கள். இப்போது வழக்கம்போல எழுந்து நில்லுங்கள். பெரும்பாலானோருக்குப் பிட்டம் இருக்கையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே கைக்கு அடியில் ஒரு காரியம் நடந்து முடிந்துவிடும். கழுத்துத் தசைகள் இறுகும், பின்னந்தலை கீழ்நோக்கிச் சரியும், மோவாய் சற்றே மேலே தூக்கும். எழுவதற்கு இவற்றில் ஒன்றுகூடத் தேவையில்லை. ஆயினும் ஒரு நாளில் பல பத்து முறை எழும்போதும் அமரும்போதும் இதைச் செய்கிறோம். கழுத்தில் தொடங்கும் அந்த இறுக்கம் முதுகின் நெடுந்தசைகள் வழியாக இடுப்பு வரை இறங்குகிறது.

இந்த வேண்டாத வேலையைக் கண்டுபிடித்து நிறுத்தக் கற்றுக்கொடுப்பதே அலெக்சாண்டர் முறை. இது உடற்பயிற்சியும் அன்று, பிடித்துவிடும் சிகிச்சையும் அன்று. அதனால்தான் இதைக் கற்பிப்பவர்கள் தங்களைச் சிகிச்சையாளர் என்று சொல்லிக்கொள்வதில்லை, ஆசிரியர் என்றே சொல்கிறார்கள். தங்களிடம் வருபவரை மாணவர் என்கிறார்கள், நடப்பதைப் பாடம் என்கிறார்கள். லண்டனில் கணக்கெழுதும் வேலையில் இருந்த ஆண்டுகளில், நான்கு ஆண்டுகளாக விடாத முதுகுவலியோடு இத்தகைய ஆசிரியர் ஒருவரிடம் நான் மாணவனாகச் சேர்ந்தேன். அங்கே கற்றவற்றில், ஆசிரியர் அருகில் இல்லாமலும் வீட்டில் செய்யக்கூடியவற்றை இங்கே எழுதுகிறேன்.

முறை வந்த வழி

பிரெடரிக் மத்தியாஸ் அலெக்சாண்டர் 1869ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியத் தீவில் பிறந்தவர். மேடையில் நாடகப் பகுதிகளை உரக்கச் சொல்லி நடிப்பது அவருடைய தொழில். அந்தத் தொழிலுக்கு ஆதாரமான குரலே மேடையில் கம்மிப்போகத் தொடங்கியது. மருத்துவர் சொற்படி ஓய்வு எடுத்தால் குரல் திரும்பும், மேடை ஏறினால் மறுபடியும் போகும். அப்படியானால் குற்றம் தொண்டையில் இல்லை, மேடையில் தான் செய்யும் ஏதோ ஒன்றில்தான் இருக்கிறது என்று முடிவு செய்து, கண்ணாடிகளுக்கு முன் நின்று தன்னையே கவனிக்கலானார். பேசத் தொடங்கும் கணத்தில் தலையைப் பின்னுக்கு இழுப்பதையும், குரல்வளையை அமுக்குவதையும், வாய் வழியாக மூச்சை உறிஞ்சுவதையும் கண்டார். அதைவிட முக்கியமான ஒன்றையும் அவர் கண்டார். தலையை முன்னே வைத்துவிட்டதாக அவருடைய உடல் உணர்ந்த நேரத்தில், தலை பின்னுக்கே போயிருப்பதைக் கண்ணாடி காட்டியது. பழகிப்போன கோணலை நேர் என்றே உடல் அறிவிக்கும் என்னும் இந்த உண்மைதான் பின்னால் வந்த பாடங்கள் அனைத்துக்கும் அடித்தளம். 1904இல் லண்டனுக்குக் குடிபெயர்ந்த அவர், 1955இல் அங்கேயே இறக்கும் வரை கற்பித்துக்கொண்டிருந்தார்.

முதுகுவலிக்கு இதனால் பயனுண்டா என்பதை இங்கிலாந்தில் முறையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 64 பொது மருத்துவ நிலையங்களிலிருந்து நாட்பட்ட அல்லது திரும்பத் திரும்ப வரும் முதுகுவலி உள்ள 579 பேரைச் சேர்த்து, குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய அந்த ஆய்வு 2008இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. ஓராண்டு கழித்து, கடந்த நான்கு வாரங்களில் எத்தனை நாள் வலி இருந்தது என்று கேட்டபோது, வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றவர்கள் 21 நாள் என்றார்கள். 24 பாடங்கள் கற்றவர்கள் 3 நாள் என்றார்கள். ஆறு பாடங்கள் மட்டும் கற்றவர்களுக்கு அது 11 நாளாக இருந்தது. ஆறு பாடங்களோடு, மருத்துவர் எழுதிக்கொடுத்த நடைப்பயிற்சியும் சேர்ந்தபோது, 24 பாடங்களின் பயனில் ஏறத்தாழ முக்கால் பங்கு கிடைத்தது. இது ஒரே ஒரு பெரிய ஆய்வுதான் என்பதையும், தாங்கள் பெறுவது பாடம் என்பது கற்றவர்களுக்குத் தெரிந்தே இருந்தது என்பதையும் சேர்த்தே இந்த எண்களைப் படிக்க வேண்டும். ஆறு பாடமும் நடையும் என்ற அந்தச் சேர்க்கைதான் இதில் என்னை மிகவும் கவர்ந்தது, ஏனெனில் அது எளியவர்க்கும் எட்டக்கூடியது.

முதலில் மருத்துவர்

பன்னிரண்டு வாரங்களைக் கடந்தும் தொடரும் வலியையே நாட்பட்ட முதுகுவலி என்கிறார்கள். அதில் பெரும்பகுதிக்கு இன்னதுதான் காரணம் என்று ஓர் உறுப்பைச் சுட்ட முடியாது. ஆனால் சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போனாலும், சிறுநீர் கழிக்கவே முடியாமல் போனாலும், தொடைகளின் உட்புறமும் பிறப்புறுப்பைச் சுற்றிய இடமும் மரத்துப்போனாலும், கால் வலுவிழந்து துவண்டாலும் அது அவசர நிலை. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, முன்பு புற்றுநோய் இருந்த வரலாறு, கீழே விழுந்ததற்குப் பின் வந்த வலி, முதுமையில் புதிதாகத் தோன்றிய வலி ஆகியவற்றையும் மருத்துவர் பார்த்த பிறகே பாடத்தைத் தொடங்கலாம்.

எம்.ஆர்.ஐ. அறிக்கையில் ‘டிஸ்க் பிதுங்கியிருக்கிறது’ என்ற ஒரு வரியைப் படித்துவிட்டுக் குனியவே அஞ்சும் பலரை நான் அறிவேன். நானும் அவர்களில் ஒருவனாக இருந்தவன்தான். வலியே இல்லாதவர்களைப் படமெடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, இருபது வயதினரில் நூற்றுக்கு முப்பது பேருக்கும், எண்பது வயதினரில் எண்பதுக்கும் மேற்பட்டோருக்கும் அத்தகைய பிதுக்கம் இருந்தது. அன்று எனக்கு அறிக்கையைக் கையில் கொடுத்து, கூடவே ஒரு பெல்ட்டையும் கட்டி அனுப்பினார்கள். 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல், நாட்பட்ட கீழ்முதுகு வலிக்கு இடுப்புப் பெல்ட்டை வழக்கமாகப் பரிந்துரைக்க வேண்டாம் என்கிறது. என் பெல்ட் அதற்கு வெகுநாள் முன்பே பரணுக்குப் போய்விட்டது.

படுத்துச் செய்யும் பாடம்

தொடங்க வேண்டிய இடம் தரை. மெத்தை உதவாது, ஏனெனில் அது உடலுக்கேற்பக் குழிந்து கொடுத்துவிடும். பாயோ, மடித்த ஜமக்காளமோ போதும். தலைக்குத் தலையணை வேண்டாம். மெல்லிய அட்டை போட்ட புத்தகங்கள் நான்கைந்தை அடுக்கிக்கொள்ளுங்கள். எவ்வளவு உயரம் என்பதைக் கண்டுபிடிக்கச் சுவரோடு முதுகும் பிட்டமும் படும்படி நின்று, தலையை வழக்கமாக வைத்திருப்பதுபோல் வைத்துக்கொண்டு, பின்னந்தலைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியை வேறொருவரை அளக்கச் சொல்லுங்கள். அந்த அளவே தொடக்கம். உயரம் குறைந்தால் மோவாய் கூரையைப் பார்க்கும். மிஞ்சினால் தொண்டை நசுங்கி, எச்சில் விழுங்கக் கடினமாக இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஐயம் வந்தால் ஒரு புத்தகம் கூடுதலாக இருப்பதே மேல். புத்தகம் மண்டையின் எலும்பில் பட வேண்டுமே தவிரக் கழுத்தில் படக்கூடாது.

மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, பாதங்களை இடுப்பகலத்தில் தரையில் ஊன்றிக்கொள்ளுங்கள். கைகளை வயிற்றின்மேல் வைத்து, முழங்கைகளை இருபுறமும் தரையில் படரவிடுங்கள். கண்களை மூட வேண்டாம். மூடினால் உறக்கம் வரும், அல்லது வலியைத் துருவிப் பார்க்கும் வேலையில் மனம் இறங்கிவிடும். கீழ்முதுகுக்கும் தரைக்கும் இடையே சிறு வளைவு தெரிந்தால் அதை அமுக்கித் தட்டையாக்க முயலாதீர்கள். நான் முதல் மாதம் முழுவதும் செய்த தவறு அதுதான். வயிற்றை எக்கி இடுப்பைத் தரையில் அழுத்திவிட்டு, பாடம் நன்றாக நடப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்; எழும்போது வலி கூடியிருந்தது. வளைவை அதன்போக்கில் விட்டுவிட்டால், சில நிமிடங்களில் முதுகுத் தசைகள் தளரத் தளர அது தானே தாழும்.

இப்படிப் படுத்திருக்கும்போது மனத்துக்கு ஒரு வேலை உண்டு. கழுத்து இளகட்டும், தலை முதுகிலிருந்து விலகி நீளட்டும், முதுகு நீளமாகவும் அகலமாகவும் பரவட்டும், முழங்கால்கள் கூரையை நோக்கிப் போகட்டும் என்று ஒன்றன்பின் ஒன்றாக நினைத்துக்கொள்ள வேண்டும். நினைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதே இதில் கடினமான பகுதி. கழுத்தை நீட்டிப் பார்க்கவோ தலையை அசைத்து நேர் செய்யவோ கூடாது. வலிந்து இழுத்தால் தூக்கம் ஓடிப்போவதைப் போலவே, இளக்கத்தையும் கட்டாயப்படுத்தி வரவழைக்க முடியாது. இடம்கொடுத்துக் காத்திருந்தால் அது வரும்.

பதினைந்து நிமிடம் போதும். காலை எழுந்தவுடன் செய்வதைவிடப் பிற்பகலிலோ மாலையிலோ செய்வது பயன் மிக்கது என்பது என் அனுபவம். அதற்கு உடலமைப்பிலும் காரணம் உண்டு. முள்ளெலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்க்குகள் நாள் முழுவதும் உடல் பாரத்தைத் தாங்கி நீர் இழந்து மெலிவதால், காலையில் இருந்த உயரத்தில் ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை மாலைக்குள் குறைந்துவிடுகிறோம். படுக்கும்போது பாரம் நீங்குவதால் டிஸ்க்குகள் மீண்டும் நீரை உறிஞ்சிக்கொள்கின்றன.

முடித்து எழும்போது நேராகத் தலையைத் தூக்கி எழாதீர்கள். முதலில் கண்கள் ஒரு பக்கம் திரும்பட்டும். பிறகு தலை, அதன்பின் தோளும் முழங்காலும் அதே பக்கம் உருளட்டும். ஒருக்களித்த நிலையிலிருந்து கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழும் நிலைக்கு வந்து, ஒரு காலை முன்வைத்து எழுங்கள்.

நாற்காலிப் பாடம்

என் முதல் பாடத்தில் நாற்பது நிமிடமும் ஒரு நாற்காலியில் எழுவதும் அமர்வதுமாகவே கழிந்தது. ஆசிரியர் தம் விரல்களை என் பிடரியில், ஒரு இலையின் கனம்கூட இல்லாமல் வைத்துக்கொண்டு, “இப்போது நான் உங்களை எழச் சொல்லப்போகிறேன், சொன்னதும் எழ வேண்டாம்” என்றார். எழுங்கள் என்ற சொல் அவர் வாயிலிருந்து முழுதாக வருவதற்குள் என் கழுத்து இறுகிவிட்டது. அவர் சிரிக்கவில்லை. “மறுபடியும்” என்று மட்டும் சொன்னார். பதினோராவது முறையோ பன்னிரண்டாவது முறையோ, அந்தச் சொல் காதில் விழுந்தும் கழுத்து அசையாமல் இருந்தது. பணம் கொடுத்து எழாமல் இருக்கக் கற்றுக்கொள்கிறேனே என்று அன்று வீட்டுக்குப் போகும் வழியில் எனக்கே சிரிப்பு வந்தது.

வீட்டில் செய்வதற்குச் சாப்பாட்டு மேசையின் மர நாற்காலி போன்ற, இருக்கை தட்டையான, கைப்பிடி இல்லாத ஒன்று வேண்டும்; நடுவில் குழிந்த பிளாஸ்டிக் நாற்காலி ஆகாது. பிட்டத்துக்கு அடியில் கையை நுழைத்தால் இரண்டு எலும்பு முனைகள் தட்டுப்படும். உடல் பாரம் அவற்றின்மேல் நேராக இறங்கும்படி, முதுகுச் சாய்மானத்தை விட்டுச் சற்று முன்னே வந்து அமருங்கள். பாதங்கள் முழங்காலுக்கு நேர் கீழேயோ, சிறிது உள்ளேயோ இருக்கட்டும்.

முதல் மூன்று நாட்களுக்கு ‘எழப்போகிறேன்’ என்று மனத்தில் சொல்லிக்கொண்டு எழாமல் இருப்பது மட்டுமே பாடம். ஒரு வேளைக்குப் பத்து முறை போதும். அந்த எண்ணம் வந்ததும் உடலில் எது முந்திக்கொள்கிறது என்று கவனியுங்கள். கழுத்தாக இருக்கலாம், மூச்சு நிற்பதாக இருக்கலாம், தொடை இறுகுவதாகவோ கால் விரல்கள் தரையைக் கவ்வுவதாகவோ இருக்கலாம். அதைத் திருத்த வேண்டாம், தெரிந்துகொண்டால் போதும்.

நான்காம் நாளிலிருந்து, எண்ணம் வந்து அடங்கிய அந்த இடைவெளியில், தலை வழிகாட்ட முதுகு முழுவதும் ஒரே துண்டாகத் தொடை மூட்டிலிருந்து முன்னே சாயட்டும். மோவாயை முன்னே துருத்தாதீர்கள். கண்கள் எதிரே சில அடி தூரத்துத் தரையைப் பார்க்கட்டும். அங்கிருந்து மறுபடி பின்னே வாருங்கள். சாய்வதும் மீள்வதும் மூச்சு நிற்காமல் நடக்கத் தொடங்கிய பிறகு, சாய்வைச் சற்றே கூட்டினால் பாரம் பாதங்களுக்கு மாறும். அப்போது எழுவது கால்களின் வேலையாக மட்டும் இருக்கும். எழும்போது வலி குத்தினால் கைகளைத் தொடையில் ஊன்றிக்கொள்வதில் குற்றமில்லை.

அமர்வது எழுவதைவிடச் சிக்கலானது, ஏனெனில் நாற்காலி பின்னால் இருக்கிறதா என்ற அச்சத்தில் பலரும் கடைசிச் சில அங்குலங்களில் பொத்தென்று விழுகிறார்கள். முழங்கால்கள் முன்னே போகட்டும், பிட்டம் தானே பின்னே போகும். பாதி வழியில் நிறுத்தி மறுபடி எழ முடிந்தால் நீங்கள் அமர்கிறீர்கள், முடியாவிட்டால் விழுகிறீர்கள்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ‘நிமிர்ந்து உட்கார்’ என்று பள்ளிப் பருவம் முதல் கேட்டுவந்திருக்கிறோம். அதைக் கேட்டதும் மார்பை முன்னே தள்ளி, கீழ்முதுகை உள்வாங்கி, தோள்களைப் பின்னுக்கு இழுக்கிறோம். ஒரு தவறான இறுக்கத்தின்மேல் இன்னோர் இறுக்கத்தைப் பூசுகிறோம். ஐந்து நிமிடத்துக்குமேல் அந்த நிலை யாருக்கும் தங்குவதில்லை. எப்போதும் தங்க வேண்டிய ஒரே சரியான நிலை என்று ஒன்று கிடையாது. அரை மணிக்கொரு முறை நிலையை மாற்றுவது எந்த நிமிர்வையும்விட நன்மை செய்யும்.

குனிவது

நம் மொழியே இங்கே ஒரு சிறு குழப்பத்தை உண்டாக்குகிறது. ‘இடுப்பு’ என்றால் நாம் கை வைப்பது அரைஞாண் கட்டும் இடத்தில். குனியச் சொன்னால் அங்கேதான் உடம்பை மடக்கப் பார்க்கிறோம். ஆனால் அங்கே மடங்குவதற்கென்று பெரிய மூட்டு எதுவும் இல்லை, ஐந்து முள்ளெலும்புகள்தான் உள்ளன. காலும் உடலும் சேரும் பந்துக்கிண்ண மூட்டு அதற்கு ஒரு சாண் கீழே, தொடை இடுக்கின் மடிப்புக்கு உள்ளே இருக்கிறது. அமர்ந்த நிலையில் ஒரு காலைத் தூக்கிப் பாருங்கள். எங்கே ஆடை மடிகிறதோ அதுதான் குனிய வேண்டிய இடம். இந்த ஒரு செய்தி தெரிந்ததிலேயே சிலருக்குப் பாதிச் சிரமம் குறைந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

பாதங்களைத் தோளகலத்தில் வைத்து, ‘குனியப்போகிறேன்’ என்ற எண்ணத்துக்குப் பின் அதே ஒரு நொடியை விட்டு, முழங்கால்கள் முன்னே மடங்கவும் பிட்டம் பின்னே போகவும் உடல் தொடை மூட்டிலிருந்து சாயவும் விடுங்கள். முகம் கழுவும்போதும், அடுப்படி மேடையில் காய் நறுக்கும்போதும் சிறிதளவு, துணி துவைக்கும்போது இன்னும் கொஞ்சம் என்று இதே நிலைதான் எல்லா வேலைக்கும். நாற்று நடும் பெண்கள் முதுகு வளையாமல் தொடை மூட்டிலிருந்து குனிவதை வயலோரம் நின்று பார்த்தால் தெரியும். அதனால் அவர்களுக்கு முதுகுவலி இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். எவ்வளவு நேர்த்தியாகக் குனிந்தாலும் நாள் முழுவதும் குனிந்தே நின்றால் வலிக்கத்தான் செய்யும். குட்டைத் துடைப்பத்துக்கு நீளக் காம்பு கட்டிக்கொள்வதைப் பாடத்தின் ஒரு பகுதியாகவே சொல்வேன்.

நிறைந்த சமையல் எரிவாயு உருளையில் வாயு மட்டுமே 14.2 கிலோ, உருளையின் எடையையும் சேர்த்தால் முப்பது கிலோ அளவுக்கு வரும். அதைத் தூக்காமல் சாய்த்து, அடி விளிம்பில் உருட்டிக்கொண்டு போங்கள். இருபது லிட்டர் தண்ணீர் கேனுக்கு இரண்டு பேர் வேண்டும், அல்லது பாதியைக் குடத்தில் ஊற்றிய பிறகு தூக்கலாம். கைப்பேசிக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: தலையை அதனிடம் கொண்டுபோகாமல் அதை முகத்தருகே கொண்டுவாருங்கள்.

எவ்வளவு நாள், யாரிடம்

முதல் இரண்டு வாரம் படுக்கைப் பாடமும் நாற்காலிப் பாடமும் மட்டும் போதும். மூன்றாம் வாரத்திலிருந்து குனிவதைச் சேர்த்துக்கொண்டு, நாளும் அரை மணி நடையையும் தொடங்கலாம். வலி கூடும் நாட்கள் நடுவில் வரும். அந்நாட்களில் படுத்த படுக்கையாகக் கிடப்பதைவிட, படுக்கைப் பாடத்தை மூன்று முறையாகப் பிரித்துச் செய்து, வீட்டுக்குள்ளேயே மெல்ல நடமாடுவது நல்லது. கால் வரை பரவும் புதிய வலி வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் கேளுங்கள்.

ஆசிரியர் கிடைத்தால் ஆறு பாடமாவது நேரில் கற்பது சிறந்தது, ஏனெனில் அலெக்சாண்டர் கண்டதைப் போல நம் உணர்வே நமக்குப் பொய் சொல்லும். அதை இன்னொருவர் கை சொல்லித்தான் அறிய முடியும். இங்கிலாந்தில் 1958இல் தொடங்கிய ஆசிரியர் சங்கத்தின் பட்டியலில் இடம்பெற மூன்று ஆண்டுப் பயிற்சி வேண்டும். யாரிடம் சேர்ந்தாலும் எத்தனை ஆண்டு பயின்றார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆசிரியர் கிடைக்காதவர்கள் பக்கவாட்டில் ஒரு நிலைக்கண்ணாடியை வைத்து, வாரம் ஒரு முறை எழுவதையும் அமர்வதையும் கைப்பேசியில் படம்பிடித்துப் பாருங்கள். தலை எந்த நொடியில் பின்னுக்குப் போகிறது என்பதைப் படத்தை மெதுவாக ஓட்டினால் தெளிவாகக் காணலாம்.

மாதம் ஒரு முறை, சுவரோடு நின்று புத்தக உயரத்தை மீண்டும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கழுத்தும் மேல்முதுகும் இளக இளக அது குறைவது வழக்கம். எனக்கு ஏழு சென்டிமீட்டரில் தொடங்கியது, இப்போது நான்கரையில் நிற்கிறது.